கொட்டாத தேனீக்கும் குரல் வேண்டும்!

ஆலைக் கதவடைப்பையும் அரிசி விலையையும் பேசவேண்டிய இந்தப் பத்தியிலே தேனீயைப் பற்றி எழுதப் புகுந்துவிட்டார்களே என்று தோழர்கள் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். நெரிக்கட்டும். ஒரு சிற்றுயிர் ஏன் அழிகிறது, அதை அழிப்பது எது, காப்பாற்றக்கூடியவர் யார் என்று கிளறிப் பார்த்தால், நிலம் யார் கையில், முடிவெடுக்கும் உரிமை யார் கையில் என்ற பழைய கேள்விதான் அடியிலே கிடக்கிறது. அது நம்முடைய கேள்வி. ஆகவே இதுவும் நம்முடைய விஷயமே.

தேனீ என்றதும் கொடுக்கு நினைவுக்கு வரும். ஆனால் கொட்டத் தெரியாத தேனீயும் உண்டு. உலகின் வெப்ப நாடுகளிலே 500-க்கும் மேற்பட்ட இனங்களாகப் பரந்து வாழும் கூட்டம் அது. அதற்குக் கொடுக்கு பெயரளவில்தான், குத்துவதற்கு உதவாது. நம் நாட்டிலும் அதன் உறவு இருக்கிறது. பழைய சுவரின் இடுக்கிலும் மரப்பொந்திலும், பிசினும் மெழுகும் குழைத்துச் சிறு குழல்போல வாசல் கட்டிக்கொண்டு, கொசு அளவிலே மொய்க்குமே கொசுத்தேனீ, அது அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். கொஞ்சமே கிடைக்கும் அதன் தேனை மருந்துக்கென்று எடுத்துவைத்த பாட்டிமார்களைத் தோழர்கள் பலர் அறிவார்கள்.

அந்தக் குடும்பத்திலே பெரிய உருவம் படைத்த ஒரு பிரிவுக்கு மெலிப்போனா என்று பெயர். அதைச் சேர்ந்த ஒரு தேனீயின் கதையைத்தான் இன்று சொல்லப் புகுந்தோம்.

மெக்சிகோ நாட்டின் தென்கிழக்கே யுகத்தான் தீபகற்பம். அங்கே வாழும் மாயா மக்கள் இந்தத் தேனீயை 'ஷுனான் காப்' என்று அழைக்கிறார்கள். சீமாட்டித் தேனீ என்று பொருள் சொல்லலாம். குடைந்த மரத்துண்டின் இரு முனைகளையும் கல்வட்டத்தாலோ மரவட்டத்தாலோ அடைத்து, மண் பூசி, கூரைக் கொட்டகையின் கீழே வரிசையாக அடுக்கி வளர்ப்பார்கள். இது நேற்று முளைத்த தொழிலன்று. ஐரோப்பியர் அந்தக் கரையிலே கால் வைப்பதற்கு முன்பே மாயா மக்கள் எழுதிய சுவடி ஒன்று மாட்ரிட் நகரத்திலே இருக்கிறது. அதிலே தேனீ வளர்ப்பின் சித்திரங்கள் உண்டு. ஸ்பானியர் வந்தார்கள். வாளோடு வந்தார்கள், சிலுவையோடும் வந்தார்கள். தங்கம் கிடைக்காத அந்த மண்ணிலே தேனையும் மெழுகையும் கப்பமாகக் கறந்தார்கள். மாயா விவசாயியின் கொட்டகையிலிருந்து போன மெழுகு, தேவாலயத்திலே விளக்காக எரிந்தது. அவன் குடிசையிலே இருட்டு!

அந்தக் கொள்ளையையும் தாங்கி நின்றது சீமாட்டித் தேனீ. நம் காலத்தைத்தான் அதனால் தாங்க முடியவில்லை. யுகத்தானின் கிழக்குப் பகுதியான குவிந்தானா ரோ மாநிலத்திலே, மாயா மக்கள் நெருங்கி வாழும் வட்டாரத்தில், வளர்ப்புக் கூடுகளின் எண்ணிக்கை சுமார் 25 ஆண்டுகளில் 93 சதவிகிதம் குறைந்துவிட்டது என்று 2005-இல் ஆராய்ச்சியாளர்கள் கணக்குக் காட்டினார்கள். நூறு கூடு இருந்த இடத்தில் ஏழு! ஒரு கிராமத்திலே நூறு குடும்பங்கள் இருந்து, இருபத்தைந்து ஆண்டில் ஏழு மட்டும் மிஞ்சினால் நாம் அதற்கு என்ன பெயர் வைப்போம்?

காரணங்கள் பல. காடு அழிந்தது; பூவும் போயிற்று, பொந்துள்ள முதுமரமும் போயிற்று. 1988-இல் கில்பர்ட் புயலும் 2007-இல் டீன் புயலும் மிச்சத்தை அலைக்கழித்தன. ஐரோப்பியத் தேனீ பெட்டியோடு வந்தது. சீமாட்டித் தேனீயின் கூட்டிலிருந்து ஆண்டுக்கு ஓரிரு லிட்டர் கிடைப்பதே பெரிது. பெட்டித் தேனீயோ அதைப்போலப் பல மடங்கு தருகிறது. ஏழை விவசாயி எதை வளர்ப்பான்? அவனை நாம் குறை கூறமாட்டோம். வயிற்றுக்குப் போதாதவனிடம் போய், பாரம்பரியத்தைக் காப்பாற்று என்று உபதேசம் செய்வது, பசித்தவன் இலையிலே பூ வைப்பதற்குச் சமம்.

ஆனால் கணக்கைச் சரியாகப் போடவேண்டும். தேனின் எடை மட்டுமா கணக்கு? தக்காளிப் பூவின் மகரந்தம் உப்புக்குடுவையில் அடைத்த உப்பைப்போல உள்ளே இருக்கிறது, குலுக்கினால்தான் கொட்டும். மெலிப்போனா அந்தப் பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து உதிர்த்துவிடுகிறது. பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. தக்காளியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்து மண்ணிலிருந்து உலகத்துக்கு வந்தவை. நம் வீட்டுக் குழம்புச் சட்டியிலே இன்று கொதிப்பவை அவைதாமே! அந்த மண்ணின் பூக்களோடு பழகி வளர்ந்த தேனீக்களுக்கு நம் சட்டியும் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறது.

இனி விஷயத்தின் மையத்துக்கு வருவோம். தேனீ குறைந்தால் என்ன, மிஞ்சியதைப் பெருக்கிக்கொண்டால் போகிறது என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அங்கேதான் இயற்கை ஒரு பூட்டுப் போட்டு வைத்திருக்கிறது.

ராணித் தேனீ இடும் முட்டையிலே ஆணின் விந்து சேராவிட்டால் ஆண் பிறக்கும். சேர்ந்தால் பெண் பிறக்கும். அந்தப் பெண்தான் தொழிலாளியாகவோ ராணியாகவோ ஆகும். ஆனால் சேர்ந்தால் மட்டும் போதாது. தாய்வழி ஒரு மரபுக்கூறும் தந்தைவழி ஒரு மரபுக்கூறும் வருகின்றன அல்லவா? அவை இரண்டும் வேறுவேறு வகையாக இருக்கவேண்டும். சங்கத்துப் பணப்பெட்டிக்கு இரண்டு பூட்டுப் போட்டு, தலைவரிடம் ஒரு சாவியும் பொருளாளரிடம் வேறொரு சாவியும் கொடுத்து வைப்பது நம் தோழர்களுக்குத் தெரிந்த ஏற்பாடு. இருவரிடமும் ஒரே சாவியின் நகல் இருந்தால் பெட்டி திறக்குமா? அதேபோலத்தான் இங்கும். இரண்டும் ஒரே வகையாக அமைந்துவிட்டால், பெண்ணாகப் பிறக்கவேண்டிய முட்டை ஆணாகப் பிறந்துவிடுகிறது. கூட்டுக்கும் உதவாமல் வம்சத்துக்கும் உதவாமல் வீணாகும் ஆண் அது.

ஒரு வட்டாரத்திலே 20 வகைச் சாவிகள் சம அளவில் புழங்குகின்றன என்று வைத்துக்கொள்வோம். ராணியின் கையில் இரண்டு வகை. அவள் கூடும் ஆணின் சாவி அந்த இரண்டில் ஒன்றாக அமையும் வாய்ப்பு பத்தில் ஒன்று. ஆறு வகையே மிஞ்சினால் மூன்றில் ஒன்று. நான்கு வகையே மிஞ்சினால் சரிபாதி! பெட்டித் தேனீயின் ராணி பல ஆண்களோடு கூடுகிறது. ஒன்று தவறினாலும் மற்றவை ஈடுகட்டும். மெலிப்போனா ராணியோ பெரும்பாலும் ஒரே ஆணோடுதான் கூடுகிறது, அதுவும் ஆயுளுக்கு ஒரே தடவை. தவறிவிட்டால் திருத்த வழியில்லை. பெண்ணாக வேண்டிய முட்டைகளிலே பாதி வீண். வேலைக்கு ஆள் இல்லை. நிலைமையைக் கண்டுகொண்ட தொழிலாளித் தேனீக்கள் அந்த ராணியைக் கொன்றுவிடுகின்றன! வேறொரு ராணியை ஏற்றிப் பார்க்கின்றன. அவளும் அப்படியே அமைந்தால், கூடு கொஞ்சங் கொஞ்சமாக மெலிந்து மடிகிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. இந்தத் தேனீ வெகுதூரம் பறந்து போய்ப் புதுக்குடி அமைப்பதில்லை. தாய்க்கூட்டிலிருந்து மெழுகும் உணவும் சுமந்து சுமந்து, பக்கத்திலேதான் மகளுக்கு வீடு கட்டிக் கொடுக்கிறது. இடையிலே காட்டை வெட்டி வெளியாக்கிவிட்டால், இந்தப் பக்கத்துக் கூட்டம் வேறு, அந்தப் பக்கத்துக் கூட்டம் வேறு என்றாகிவிடும். சாவிகள் கைமாறுவது நின்றுபோகும்.

ஆகவே, நூறு கூடு இருக்கிறதே என்று விரல்விட்டு எண்ணி மகிழ்வது போதாது. நூறும் ஒரே தாய் வழி வந்தவை என்றால், அந்த நூறு வெறும் எண்ணிக்கை. ஊருக்கு ஊர் வேறுபட்ட நாற்பது இருந்தால், அந்த நாற்பதுக்கு உயிர் இருக்கிறது. வகை பலவாக இருப்பதே இந்தச் சிற்றுயிரின் கேடயம்; கொடுக்கில்லாத அதற்கு வேறு கேடயம் இல்லை. எல்லாவற்றையும் ஒரே அச்சிலே வார்த்துவிட்டால் பலம் பெருகும் என்று நினைப்பவர்கள் அரசியலிலே இருக்கிறார்கள். அவர்கள் ஒருமுறை இந்தத் தேனீக் கூட்டை எட்டிப் பார்க்கட்டும்.

எத்தனை கூடு இருந்தால் ஆபத்தில்லை? பிரேசில் நாட்டு விஞ்ஞானி வார்விக் கெர் தம் சகாவோடு சேர்ந்து 1982-இல் ஒரு கணக்குச் சொன்னார். ஆறு வகைச் சாவிகளாவது தொடர்ந்து நிலைக்க, ஓரிடத்தில் குறைந்தது 44 கூடுகள் வேண்டும் என்றார். அவர் சாமானியர் அல்லர். மெலிப்போனாவின் மரபியலை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவர். 1964-இல் ஆட்சியைப் பறித்துக்கொண்ட ராணுவம் அவரைச் சிறையில் தள்ளியது. ஆராய்ச்சிக்கூடத்திலே உண்மையைத் தேடிய அவர், வீதியிலே நடந்த அநியாயத்தைக் கண்டு வாய் மூடியிருக்கவில்லை. அதுதான் அவர் செய்த குற்றம்! 2018-இல் அவர் மறைந்தார்.

அவரிடமும் ஒரு பாடம் இருக்கிறது. அதிகத் தேன் கிடைக்கவேண்டும் என்ற எண்ணத்தில் 1956-இல் ஆப்பிரிக்கத் தேனீ ராணிகளைப் பிரேசிலுக்குக் கொண்டுவந்தவர் அவரே. 1957-இல் 26 கூட்டங்கள் தப்பிப் பறந்தன. உள்ளூரில் இருந்த ஐரோப்பியத் தேனீயோடு கலந்து, கண்டம் முழுவதும் பரவி, 1980-களில் யுகத்தானையும் எட்டின. சீமாட்டித் தேனீ தேடும் அதே பூக்களிலே புதிதாக ஒரு கூட்டம் மொய்க்கத் தொடங்கியது. நல்ல மனத்தோடு செய்தாலும், உயிரைப் பெயர்த்து நடும் காரியத்திலே அவசரம் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

44 என்ற கணக்கைக் கல்வெட்டாகவும் கொள்ளவேண்டியதில்லை. அதே பிரேசிலில், சாவ் பாவுலோ மாநிலத்தில், இரண்டே கூடுகளிலிருந்து தொடங்கிய ஒரு மெலிப்போனா கூட்டத்தைப் பத்தாண்டுகளுக்கு மேல் வளர்த்துக் காட்டியிருக்கிறார்கள். 2011-இல் அந்த ஆராய்ச்சி வெளிவந்தது. எப்படி முடிந்தது? வளர்ப்பவரின் கை இருந்தது. கூடுகளை விடாமல் பிரித்துப் பெருக்கிக்கொண்டே வந்தார்கள். மடிந்ததற்கு ஈடாகப் புதியது முளைத்தது. எண்ணிக்கை குறைந்துவிட்டதே என்று கைவிட்டவர்களுக்கும் இது பதில். உழைக்கும் கை துணை நின்றால் இரண்டும் பெருகும். கை விலகினால் இருநூறும் கரையும்.

ஆனால் பெருக்குகிறோம் என்று சொல்லிக் கண்ட இடத்துக் கூட்டைக் கண்ட இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போவதும் தீங்கே. பிரேசிலில் எஸ்பிரித்து சாந்து மாநிலத்து மலைப்பகுதியில் மட்டும் வாழும் ஒரு மெலிப்போனா இனம் உண்டு. 1994-இல்தான் விஞ்ஞானிகள் அதற்குப் பெயரிட்டார்கள். வடகிழக்கிலிருந்து வேறொரு மெலிப்போனாவை வளர்ப்புக்காக அங்கே கொண்டுவந்தார்கள். இரண்டும் கலந்து பிறந்த கலப்பினம் தோன்றிவிட்டது. ஏற்கெனவே அருகிப்போன மலைத்தேனீக்கு, தன் உருவே தனக்கு மிஞ்சுமா என்ற சந்தேகம் வந்துவிட்டது. யுகத்தானின் சீமாட்டித் தேனீயும் கோஸ்டாரிகாவிலே அதே பெயரில் வளரும் தேனீயும்கூட மரபணுவிலே வேறுபட்ட கூட்டங்கள் என்று ஆராய்ச்சி காட்டுகிறது. பெயர் ஒன்று என்பதற்காக இரண்டையும் ஒரே கொட்டகையில் அடைக்கலாகாது.

இத்தனையும் விஞ்ஞானம். ஆனால் விஞ்ஞானம் தெரிந்துவிட்டால் தேனீ பிழைத்துவிடுமா? நிலம் எவன் கையில் என்ற கேள்வி குறுக்கே வந்து நிற்கிறது.

2012-இல் மெக்சிகோ சர்க்கார், யுகத்தான் தீபகற்பம் உள்ளிட்ட ஏழு மாநிலங்களிலே 2,53,500 ஹெக்டேரில் மரபணு மாற்றிய சோயாவைப் பயிரிட மான்சான்டோ கம்பெனிக்கு அனுமதி கொடுத்தது. களைக்கொல்லி தெளித்தால் களை சாகும், சோயா மட்டும் சாகாது, அத்தகைய பயிர். காட்டை அழித்த இடத்திலே கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே பயிர். தேனீக்குப் பூ எங்கே? ஐரோப்பாவுக்குத் தேன் அனுப்பிப் பிழைக்கும் பெட்டித் தேனீ விவசாயிக்கும் அடி. மரபணு மாற்றிய பயிரின் மகரந்தம் கலந்த தேனை அனுமதியின்றி விற்கக்கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2011-இலேயே தீர்ப்புச் சொல்லியிருந்தது. அந்த மண்ணுக்கு உரியவர்களான மாயா மக்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? கேட்கவில்லை.

கேட்காவிட்டால் சும்மா இருப்போமா என்று எழுந்தார்கள் தேனீ வளர்ப்பவர்கள். கம்பெச்சே மாநிலத்தின் ஒப்பெல்ச்சேன் வட்டாரத்திலே லெய்டி பெச் என்ற மாயா பெண்மணி முன்னே நின்றார். அவர் பெரிய படிப்பாளி அல்லர். சீமாட்டித் தேனீயை வளர்ப்பவர், பெண்கள் கூட்டுறவு ஒன்றிலே உழைப்பவர். ஊர் ஊராகப் போய்க் கூட்டம் போட்டார்கள், வழக்குத் தொடுத்தார்கள், வீதிக்கு வந்தார்கள். 2015 நவம்பரில், மக்களைக் கலந்துகொள்ளாமல் பயிரிடக்கூடாது என்று மெக்சிகோ உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2017 செப்டம்பரில் அனுமதியே ரத்தாயிற்று. 2020-இல் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது அந்தப் பெண்மணியைத் தேடி வந்தது.

தோழர்களே, இதைக் கூர்ந்து பாருங்கள். சீமாட்டித் தேனீக்குத் துணை நின்றது அருங்காட்சியகம் அன்று. கனவான்களின் கருணையும் அன்று. தேனீயை நம்பிப் பிழைக்கும் மக்கள் சங்கமாகச் சேர்ந்து நின்றார்கள். வென்றார்கள். அனுமதி ரத்தானதோடு கோடரி ஓய்ந்துவிடவில்லை. ஆனால் கேட்காமல் செய்யமுடியாது என்ற நிலை பிறந்தது. அதுவே பெரிய படி.

நம் நாட்டுக்கு இதிலே என்ன பாடம்? இங்கும் கொசுத்தேனீயைப் பெட்டியிலும் மூங்கிலிலும் பானையிலும் வளர்க்கும் ஆர்வம் பரவிவருகிறது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் ஒருவர் ஒரு கூட்டை வாங்கி மாடியிலே வைத்துப் படம் எடுத்துக்கொள்வதோடு காரியம் முடிந்துவிடாது. தேன் விலையைக் கண்டு, தொலைதூரத்திலிருந்து கூடுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து குவிப்பதும், மரத்தைப் பிளந்து காட்டுக் கூட்டைப் பறிப்பதும் காப்பாற்றுவதாகாது.

நாம் சொல்வது இதுதான். அடுத்தடுத்த நான்கு ஊர்கள் ஒரு கூட்டுறவாகச் சேரட்டும். ஊருக்குப் பதினொரு கூடு. கெர் சொன்ன 44 வந்துவிட்டது! தனியொருவனால் ஆகாத கணக்கு, நான்கு ஊர் சேர்ந்தால் ஒரு நாள் பேச்சிலே முடிகிறது. அந்தந்த வட்டாரத்துக் கூடுகளையே பிரித்துப் பெருக்கட்டும். ஊருக்கு ஊர் கைமாற்றிக்கொள்ளட்டும். தூரத்துக் கூட்டைத் தொடாதிருக்கட்டும். பொந்துள்ள முதுமரம் ஒன்று வெட்டுப்பட வந்தால் ஊராட்சியிலே கேள்வி எழுப்பட்டும். கூட்டைப் பிரிக்கும் பயிற்சியைச் சர்க்கார் விவசாயக் கல்லூரி வாசலுக்குள்ளே பூட்டி வைக்காமல் கிராமத்துக்குக் கொண்டுவரட்டும். காட்டையும் புறம்போக்கையும் ஒரு கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பதற்கு முன்னே, அங்கே வாழ்பவர்களைக் கூப்பிட்டுக் கேட்கட்டும்.

இவை பெரிய கோரிக்கைகளா? கோடி கொட்டவேண்டிய திட்டங்களா? இல்லை. மனம் வேண்டும், சங்கம் வேண்டும், விழிப்பு வேண்டும்.

கொடுக்கில்லாத ஏழையை யார் வேண்டுமானாலும் மிதிக்கலாம் என்று நினைத்த காலம் ஒன்று இருந்தது. ஆலைத் தொழிலாளிக்கும் ஒரு நாள் கொடுக்கு இருக்கவில்லை. சங்கம்தான் அவனுக்குக் கொடுக்காயிற்று. யுகத்தானின் சீமாட்டித் தேனீக்கு மாயா மக்களின் சங்கம் கொடுக்காயிற்று. நம் வீட்டுச் சுவர் இடுக்கிலே சத்தமில்லாமல் உழைத்துக்கொண்டிருக்கும் கொசுத்தேனீக்கு நாம் என்ன ஆகப்போகிறோம்? அடுத்த கிளைக்கூட்டத்திலே தோழர்கள் இதை ஒரு பொருளாக எடுத்துப் பேசட்டும்.